சான்றிதழ் வாங்கினால் லாபம் கூடுமா?

தொழில் முனைவோர் கேள்வி–பதில்

ஐ.எஸ்.ஓ. உள்ளிட்ட மேலாண்மைச் சான்றிதழ்கள் ஒரு நிறுவனத்தின் வரவு செலவை உண்மையிலேயே மாற்றுகின்றனவா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வார்ப்படச் சாலைகளிலும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் தரப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன், முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எங்களிடம் வாங்கும் பெரிய கம்பெனி, அடுத்த ஏப்ரலுக்குள் ஐ.எஸ்.ஓ. 9001 எடுக்காவிட்டால் ஆர்டர் குறையும் என்கிறது. கன்சல்டன்ட் ஒருவரோ, சான்றிதழ் வந்துவிட்டால் லாபம் தானாகக் கூடும் என்கிறார். நம்பலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கையில் இருக்கும் ஆர்டரைக் காப்பாற்றவும் புதிய ஆர்டர் பிடிக்கவும் சான்றிதழ் உதவும் என்பதை நம்பலாம். லாபம் தானாகக் கூடும் என்பதை நம்ப வேண்டாம். இவை இரண்டும் வெவ்வேறு வழிகளில் நடக்கும் வெவ்வேறு காரியங்கள். முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்து விற்பதால்தான் சிறு தொழில் செய்வோரிடையே இவ்வளவு ஏமாற்றம்.

இந்தத் தரநிலை யாருடைய தேவைக்காகப் பிறந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். பொருள் வாங்குகிறவர், விற்கிறவருடைய பட்டறையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வேலையையும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. இந்தக் கவலையைத் தீர்க்கும் முயற்சியாகத்தான் பிரிட்டன் 1979இல் பி.எஸ். 5750 என்ற தரநிலையை வெளியிட்டது. அதை ஒட்டி, ஜெனீவாவில் இயங்கும் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு (ஐ.எஸ்.ஓ.) 1987இல் ஐ.எஸ்.ஓ. 9000 வரிசையைக் கொண்டுவந்தது; உங்களிடம் கேட்கும் 9001 அந்த வரிசையில் ஒன்று. 1994, 2000, 2008, 2015 என்று அது திருத்தப்பட்டு வந்திருக்கிறது. அந்த அமைப்பு தரநிலையை எழுதுவதோடு சரி, யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தருபவை தனியான சான்றளிப்பு நிறுவனங்கள். அவையும் உங்கள் பம்ப் நல்ல பம்ப் என்று சொல்வதில்லை. ஒப்புக்கொண்ட வேலையை ஒரு முறைப்படி செய்யவும், தவறினால் கண்டுபிடித்துத் திருத்தவும் உங்களிடம் ஏற்பாடு இருக்கிறது என்று மட்டுமே சொல்கின்றன.

ஆகவே, உங்களை நேரில் அறியாதவரிடத்தில்தான் சான்றிதழுக்கு வலு அதிகம். பீளமேட்டிலிருந்து வந்து உங்கள் லேத்தையும் ஸ்டோரையும் பார்த்துவிட்டுப் போகும் வாடிக்கையாளருக்கு அது புதிதாக எதையும் சொல்வதில்லை. ஜெர்மனியில் உட்கார்ந்து சப்ளையர் தேடுகிறவருக்கு உங்களைப் பற்றிக் கிடைக்கும் முதல் நம்பிக்கையே அதுவாக இருக்கலாம். அமெரிக்க உற்பத்தி ஆலைகளைப் பதினோரு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்த ஆன் டெர்லாக், ஆண்ட்ரூ கிங் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. சான்று பெற்ற ஆலைகள் வேகமாக வளர்ந்தன. ஆனால் அந்த வளர்ச்சிக்கு உள் வேலை திருந்தியதைக் காரணமாகக் காட்ட முடியவில்லை. சப்ளையரைப் பற்றி அறிந்துகொள்வது வாங்குவோருக்கு எந்தத் தொழில்களில் கடினமோ, அங்கேதான் பலன் கூடுதலாக இருந்தது.

லாபத்தைப் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் சான்று பெற்ற 400 நிறுவனங்களையும் பெறாத 400 நிறுவனங்களையும் ஒப்பிட்டு 2002இல் வெளிவந்த ஆய்வில், சான்று பெற்றவைதான் கூடுதல் லாபத்தில் இருந்தன. ஆனால் அவை சான்று பெறுவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தன. சான்றுக்குப் பிறகு லாபம் உயர்ந்ததாக ஆதாரம் கிடைக்கவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையே தேடிச் சேர்த்துக்கொள்ளும் டியூஷன் சென்டரின் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து அங்கே சொல்லிக்கொடுக்கும் முறையை எடைபோட முடியாதல்லவா, அதே சிக்கல்தான் இங்கும். அதற்கு மாறாக, அமெரிக்கப் பங்குச் சந்தையிலுள்ள நிறுவனங்களை அவற்றை ஒத்த மற்ற நிறுவனங்களோடு பொருத்திப் பார்த்த கார்பெட் குழுவினர் 2005இல், சான்று பெற்ற மூன்று ஆண்டுகளுக்குள் அவற்றின் நிதிநிலை மற்றவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்ததைக் கண்டார்கள். கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ ஆயிரம் நிறுவனங்களை ஆராய்ந்த டேவிட் லெவைன், மைக்கேல் டாஃபெல் இருவரும் 2010இல், சான்று பெற்றவற்றில் விற்பனையும் ஆள்சேர்ப்பும் சம்பளமும் கூடுதலாக வளர்ந்ததையும், மூடப்படாமல் தாக்குப்பிடித்தவை அவற்றில் அதிகமாக இருந்ததையும் காட்டினார்கள்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு என் தீர்ப்பு இது. உங்கள் நிலையில் சான்று எடுங்கள். வாடிக்கையாளரை இழப்பது அதைவிடச் செலவு. ஆனால் கன்சல்டன்டுக்குப் பணம் கொடுக்கும் முன், சென்ற ஆண்டில் ரிஜெக்‌ஷனாலும் ரீவொர்க்காலும் எவ்வளவு ரூபாய் போனது என்ற ஒரே ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாவிட்டால், சான்றிதழ் உங்களுக்கு உள்ளே ஏதாவது செய்ததா என்று மூன்று ஆண்டுகள் கழித்தும் தெரியாது.

கேள்வி: ஓசூரில் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆடிட்டுக்கு முந்தைய இரண்டு நாட்களும் மூன்று மாதப் பதிவேடுகளை உட்கார்ந்து நிரப்புவதுதான் எங்கள் வேலை. அளக்காத அளவை எழுதிக் கையெழுத்துப் போடும்போது மனது உறுத்துகிறது. இதனால் கம்பெனிக்கு என்ன பயன், ஐயா?
(வாசகி, ஓசூர்)

பதில்: அம்மா, உங்கள் உறுத்தல் நியாயமானது. பயனில்லை என்பதோடு இது நிற்பதில்லை, நஷ்டமும் இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் உள் தணிக்கை செய்யப் போயிருந்தேன். 20 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட், 0.02 மி.மீ. கூடலாம், 0.02 மி.மீ. குறையலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து துண்டுகளை அளந்து தாளில் எழுத வேண்டும். ஆறு வாரத் தாள்களைப் புரட்டினேன். எல்லாம் 20.00 அல்லது 20.01. ஒரே நீல மை, ஒரே கையழுத்தம். லேத்துக்குப் பக்கத்தில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறும் தாளில் ஓரத்திலாவது எண்ணெய் விரல் பட்டிருக்கும். இவையோ புதுத் தாளாகவே இருந்தன. மெஷினில் நின்ற தம்பியிடம் அவர் துண்டை அளக்கப் பயன்படுத்தும் மைக்ரோமீட்டரை வாங்கி, துணியால் துடைத்து, மெதுவாக மூடிப் பார்த்தேன். பூஜ்யத்தில் நிற்க வேண்டியது 0.03 காட்டியது. அப்படியென்றால் 20.00 என்று அதில் தெரிந்த துண்டு உண்மையில் 19.97, வாடிக்கையாளர் ஏற்கும் எல்லைக்குக் கீழே.

அந்த ஆறு வாரங்களுக்குள் வாடிக்கையாளர் இரண்டு லோடுகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். குற்றம் மெஷினிலா, ஆளிடமா, மூலப்பொருளிலா என்று பிரிவுகளுக்குள் வாக்குவாதம் ஒரு மாதம் நடந்திருந்தது. ஷிஃப்ட் தொடங்கும்போது மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்துக் குறிக்க வேண்டிய கட்டம் அதே தாளின் தலைப்பில் இருந்தது. நாள் தவறாமல் ‘சரி’ என்று எழுதியிருந்தது. பத்து விநாடி வேலை. அதை ஒரே ஒரு காலையில் உண்மையாகச் செய்திருந்தால் இரண்டு லோடும் திரும்பியிருக்காது. நல்ல முறை காகிதத்தில் இருந்தது, சான்றிதழும் இருந்தது, அவை சம்பாதித்துக் கொடுத்திருக்க வேண்டிய பணம் மட்டும் அந்தக் கட்டத்தில் போயிற்று.

ஈட்டன் நாவே, ஆல்ஃபிரட் மார்கஸ் ஆகியோரின் ஆய்வுகளும் இந்த இடத்தைத்தான் தொடுகின்றன. தரநிலையை அன்றாட வேலையோடு கலந்து பயன்படுத்திய நிறுவனங்களிலும், அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு மேலும் மாற்றங்கள் செய்த நிறுவனங்களிலும்தான் செயல்பாடு உயர்ந்தது. அப்படி உயர்ந்த செயல்பாடும் எல்லா இடத்திலும் வணிக லாபமாக மாறிவிடவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

உங்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வருகிறேன். முதலாவதாக, உங்கள் பதிவேடுகளில் பாதியை ஐ.எஸ்.ஓ. கேட்கவே இல்லை. 2015 பதிப்பில் தரக் கையேடு கட்டாயமில்லை, மேலாண்மைப் பிரதிநிதி என்று ஒருவரை நியமிப்பதும் கட்டாயமில்லை. வேலை சரியாக நடக்க எவ்வளவு ஆவணம் தேவையோ அவ்வளவு போதும் என்கிறது. பழைய கன்சல்டன்ட் வேறு ஒரு கம்பெனிக்கு எழுதியதை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்ததால் வந்த படிவங்களே பெரும்பாலும் இப்படி முந்தின நாள் நிரப்பப்படுகின்றன. யாரும் ஒருபோதும் திரும்பப் படிக்காத பதிவேடுகள் எவை என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றை நிறுத்திவிடலாம் என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். வேலையைக் குறைக்கும் யோசனையைக் கேட்க மறுக்கும் மேலாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. மிஞ்சுகிற நான்கைந்தை மெஷின் பக்கத்திலேயே, அளக்கிறவர் கையாலேயே எழுத வைப்பது அதன் பிறகு எளிது.

இரண்டாவதாக, பிழையை ரூபாயில் சொல்லுங்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: வார்ப்பு முடிந்து வெளியே எடுக்கும்போது ஒரு துண்டின் அடக்கம் 400 ரூபாய், மெஷினிங் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிழை வார்ப்புக் கட்டத்திலேயே தெரிந்தால் உலோகத்தை மீண்டும் உருக்கிக்கொள்ளலாம்; அதில் 200 ரூபாய் திரும்பினால் நஷ்டம் 200. மெஷினிங் முடிந்து தெரிந்தால் 350. வாடிக்கையாளர் இடத்தில் தெரிந்தால், போக வர லாரி வாடகை, அங்கே போய் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் ஆட்களின் கூலி, மாற்றுத் துண்டின் முழு அடக்கம் எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிடும். உங்கள் தொழிற்சாலையின் உண்மை எண்களை வைத்து இதே கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ‘ரிஜெக்‌ஷன் நான்கு சதவீதம்’ என்றால் தலையசைத்துவிட்டுப் போகும் முதலாளி, மாதத்துக்கு இத்தனை லட்சம் என்றால் உட்கார்ந்து கேட்பார்.

மூன்றாவது, கையெழுத்து. நீங்கள் செய்யும் துண்டு பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ போய்ச் சேருமானால், அளக்காத அளவுக்குக் கீழே உங்கள் பெயரை எழுதாதீர்கள். ‘அளக்கவில்லை’ என்று எழுதி வையுங்கள். ஆடிட்டர் அதைக் குறையாகப் பதிவு செய்தால் செய்யட்டும். சிறு குறைக்காகச் சான்றிதழ் பறிபோய்விடாது. காரணம் கண்டு திருத்த அவகாசம் தருவார்கள்.

கேள்வி: ஆடிட்டே இல்லாமல், இரண்டே நாளில், சில ஆயிரம் ரூபாய்க்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் தருவதாக அலைபேசியில் அழைக்கிறார்கள். டெண்டருக்கு இது போதுமா?
(வாசகர், திருச்சி)

பதில்: வாங்காதீர்கள். பன்னாட்டு அங்கீகார நெறிமுறையில் ஐ.எஸ்.ஓ. 9001 முதல் தணிக்கைக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதற்கு அட்டவணையே இருக்கிறது: ஐந்து பேர் வரை உள்ள இடத்துக்கு ஒன்றரை நாள், 26 முதல் 45 பேர் வரை என்றால் நான்கு நாள். வேலையின் தன்மையைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம், குறையலாம்; ஆனால் யாரும் வந்து பார்க்காமல் சான்று என்பதற்கு அதில் இடமே இல்லை. அதன் பின் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை, மூன்றாம் ஆண்டு முடிவில் மறுசான்று.

சான்று தரும் நிறுவனத்துக்கே ஓர் அங்கீகாரம் வேண்டும். இந்தியாவில் அதை வழங்குவது இந்தியத் தரக் குழுமத்தின் கீழுள்ள என்.ஏ.பி.சி.பி. வாரியம், வெளிநாட்டு அங்கீகார அமைப்புகளின் பெயரிலும் சான்று வரும். சான்றிதழில் அங்கீகார முத்திரை இருக்கிறதா, அந்த நிறுவனத்தின் பெயர் அங்கீகரித்த அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டெண்டர்களில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சான்று என்றே நிபந்தனை போடுகிறார்கள். மலிவாக வாங்கியது அங்கேயே தள்ளுபடியாகி, டெபாசிட்டையும் சிக்கலில் மாட்டிவிடலாம். செலவுதான் தடை என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் பற்றிக் கேளுங்கள். குறையில்லாத, சுற்றுச்சூழலைக் கெடுக்காத உற்பத்திக்கென்று மத்திய அரசு தனியாகத் தரும் ‘செட்’ (ZED) சான்றுத் திட்டத்திலும் 2022 முதல் குறு நிறுவனங்களுக்கு 80, சிறு நிறுவனங்களுக்கு 60, நடுத்தர நிறுவனங்களுக்கு 50 சதவீதம் என்று சான்றுக் கட்டணத்தில் சலுகை அறிவிக்கப்பட்டது.

கேள்வி: எம்.பி.ஏ. மாணவி நான். எல்லாவற்றையும் முறைப்படுத்தும் சான்றிதழ்கள் புதுமையைக் கொன்றுவிடும் என்று வகுப்பில் விவாதம் நடந்தது. தங்கள் கருத்து?
(வாசகி, மதுரை)

பதில்: கொன்றுவிடும் என்பது மிகையான பேச்சு. ஆனால் அதில் கவலைப்பட வேண்டிய ஓர் உண்மை உண்டு. புகைப்படத் தொழிலிலும் பெயின்ட் தொழிலிலும் நிறுவனங்கள் பெற்ற காப்புரிமைகளை ஆராய்ந்த மேரி பென்னர், மைக்கேல் டஷ்மன் இருவரும், வேலைகளை அளந்து முறைப்படுத்தும் செய்முறை மேலாண்மை கூடக் கூட, ஏற்கெனவே தெரிந்ததைச் செப்பனிடும் கண்டுபிடிப்புகளின் பங்கு கூடியதை 2002இல் காட்டினார்கள். முற்றிலும் புதிய வழியைத் தேடும் முயற்சி ஓரம் தள்ளப்பட்டது. டிஜிட்டல் கேமரா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்துப் புகைப்படத் தொழிலில் இது என்ன விலை கேட்கக்கூடியது என்று எண்ணிப் பாருங்கள்.

என் அனுபவத்தில், ஒரே பொருளை லட்சக்கணக்கில் செய்யும் இடத்துக்கும் புதிய பொருளை உருவாக்கும் அறைக்கும் ஒரே படிவத்தைத் திணிக்கும்போதுதான் இந்தக் கேடு வருகிறது. சென்னையைச் சுற்றிய வாகன உதிரிபாக நிறுவனங்களின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1990களின் தொடக்கத்திலேயே இங்கு ஐ.எஸ்.ஓ. 9000 வந்துவிட்டது; சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நாட்டிலேயே அதை முதலில் பெற்றவற்றுள் ஒன்று. பலர் அதோடு நிற்கவில்லை. தர மேலாண்மைக்காக ஜப்பானில் 1951 முதல் வழங்கப்பட்டுவரும் டெமிங் பரிசை 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வென்றது. இந்தியாவுக்கு வந்த முதல் டெமிங் பரிசு அதுதான். தொடர்ந்து 2002இல் டி.வி.எஸ். மோட்டார், 2003இல் ரானே பிரேக் லைனிங், 2004இல் லூகாஸ்-டி.வி.எஸ். என்று வரிசை நீண்டது. சான்றிதழ் ஒரு குறைந்தபட்ச எல்லையைக் கேட்கிறது. டெமிங் பரிசுக்கோ, மெஷினில் நிற்கும் தொழிலாளி வரை தன் வேலையைத் தானே ஆராய்ந்து மாற்றியிருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். ஆகவே முறைப்படுத்தலும் புதுமையும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியும். யாருக்கு மாற்றும் உரிமை கொடுக்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. உங்கள் வகுப்பு அந்த இடத்திலிருந்து விவாதத்தைத் தொடரலாம்.

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். சுற்றுச்சூழலுக்கு ஐ.எஸ்.ஓ. 14001, தொழிலாளர் பாதுகாப்புக்கு 45001, போதாததற்குத் தொழிலாளர் உரிமைகளுக்கு எஸ்.ஏ. 8000 என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரிசையாகக் கேட்கிறார்கள். இவற்றாலும் வருமானம் உண்டா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: ஆர்டர் வரும் என்ற அளவில் உண்டு; முதல் பதிலில் சொன்னது இங்கும் பொருந்தும். மின்சாரமும் நீராவியும் பெரிய செலவாக உள்ள உங்கள் தொழிலில், அளந்து எழுதத் தொடங்கியதுமே வீணாவது கண்ணில் படும் என்பதால் சிக்கனமும் உண்டு.

ஆனால் இந்தச் சான்றிதழ்களை நம்பி எதை மறந்துவிடக் கூடாது என்பதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கராச்சியின் பால்டியா பகுதியிலிருந்த அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 சான்று கிடைத்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பற்றி 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. ஒரு சான்றளிப்பு நிறுவனம் அந்த ஆலைக்கு நல்ல பெயர் எழுதிக் கொடுத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. இதைப் படிக்கும் ஒவ்வொரு முதலாளியும் இன்றே எழுந்து போய், தைக்கும் கூடத்தின் பின்கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிறதா, அதன் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா என்று தன் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுற்றுச்சூழலிலும் இதே எச்சரிக்கை தேவை. ஐ.எஸ்.ஓ. 14001 இவ்வளவு உப்புதான் கழிவுநீரில் இருக்கலாம் என்று எந்த எண்ணையும் விதிப்பதில்லை. அந்த வரம்பை விதிப்பது சட்டம். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊர் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: சிவகாசியில் அச்சகம் நடத்துகிறேன். எந்த வாடிக்கையாளருக்காக ஐ.எஸ்.ஓ. 9001 எடுத்தேனோ அவர் போய்விட்டார். மூன்றாண்டுக் கெடு முடிகிறது. சான்று எடுத்த பிறகு வண்ண வேறுபாடு பற்றிய புகார்கள் குறைந்தது உண்மை. ஒவ்வொரு ஜாப்புக்கும் வாடிக்கையாளர் கையெழுத்திட்ட மாதிரித் தாளை மெஷின் பக்கத்திலேயே வைக்கத் தொடங்கியதுதான் காரணம். புதுப்பிக்கலாமா, விட்டுவிடலாமா?
(வாசகர், சிவகாசி)

பதில்: கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்த டெண்டரில், எந்தெந்த வெண்டர் பதிவில் அந்தச் சான்றிதழைக் காட்டினீர்கள் என்று கோப்பைத் திறந்து எண்ணிப் பாருங்கள். அவற்றால் வந்த ஆர்டர்களின் லாபம் மறுசான்றுக் கட்டணத்தையும் ஆண்டுத் தணிக்கைச் செலவையும் தாண்டினால் புதுப்பியுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் விட்டுவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. விடுவதென்றால் கெடு முடிந்த நாளிலிருந்து லெட்டர்ஹெட், பில், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலிருந்தும் அந்த முத்திரையை எடுத்துவிட வேண்டும்.

முடிவெடுக்கும் முன் உங்கள் மெஷின் ஆட்களைக் கூப்பிட்டு, ஆடிட்டர் இனி வரமாட்டார் என்றால் நாளை முதல் எதையெல்லாம் செய்ய மாட்டீர்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பட்டியலில் பெரும்பாலானவை போனால் போகட்டும். மாதிரித் தாள் அந்தப் பட்டியலில் இருந்தால் மட்டும் புதுப்பித்துவிடுங்கள். ஒரே ஒரு ஜாப் வண்ணம் மாறித் திரும்பி வந்து மறுபடி அச்சடிக்க ஆகும் காகிதச் செலவை அந்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கே தெரியும். சான்று இல்லாமலும் மாதிரித் தாளை வைப்போம் என்று அவர்கள் சொன்னால், நீங்கள் எதற்காகப் பணம் கட்டினீர்களோ அது ஏற்கெனவே உங்கள் அச்சகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.